ரெண்டரைப் பேர்

தலவாக்கலை ஸ்டேஷன் ரோட்டுக் கடையில்
வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை இருக்கிறது.
வைன் கேட்டு யாரும் வந்ததில்லை.
கம்பி வலைக்குள் கை நீளும்,
காசு போகும், கால் போத்தல் வரும்.
அதற்குமேல் பேச்சில்லை.

ஏப்ரல் சீசன் முடிந்து
நுவரெலியாவில் விலைபோகாத ஒரு பெட்டி
மழையோடு மழையாக இங்கே இறங்கியது.
பன்னிரண்டு போத்தல்.
கழுத்தில் தங்கத்தாள், தலையில் கம்பிக்கூடு,
உள்ளே ஏதோ குஞ்சை அடைத்து வைத்த மாதிரி.
பழைய விலையைச் சுரண்டிவிட்டு
மூவாயிரத்து நானூறு என்று எழுதி ஒட்டினான்
காசு வாங்கும் சிவலோகன்.

"ரெண்டரைப் பேர்" என்றான்
எனக்கு முன்னால் நின்ற மருதவீரன்.
அவனுக்கு எல்லா விலையும் பேரில்தான்.
மகளின் சப்பாத்து மூன்று பேர்.
பல் பிடுங்கியது ஒன்றரை.
ரெண்டரை நாள் மலையில் நின்றால்
இந்தக் கழுத்து நீண்ட போத்தல்.

முதலாளி திலகரத்ன என்னைக் கண்டுவிட்டார்.
"ஸ்டோர்ல தேத்தண்ணி ருசி பாக்கிறது நீங்கதானே?
ஒங்கட வாய் நல்ல வாய்.
இதையும் பாத்துச் சொல்லுங்க."
நான் கோப்பை கழுவுகிறவன்.
டீமேக்கர் ஐயா வருமுன்
வரிசையில் ஒரு வாய் உறிஞ்சிப் பார்ப்பேன்,
அவ்வளவுதான்.
சொன்னேன். கேட்கவில்லை.

தக்கை தகரக் கூரையில் மோதியது.
ஓட்டோக்காரர்கள் குனிந்தார்கள்,
சந்தியில் நின்ற பொலிஸ்காரர் திரும்பினார்.
நுரை பொங்கி
கடன் கொப்பியின் மேல் வழிந்தது.
மருதவீரன் எட்டிப் பார்த்தான்,
தன் பேர் நனைந்து அழிந்ததா என்று.
அது அடுத்த பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

பிளாஸ்டிக் கப்பை ட்யூப் லைட்டுக்குப் பிடித்தேன்.
அடியிலிருந்து ஊசி ஊசியாக ஏறிக்கொண்டிருந்தது.
மூக்கை வைத்தால்
முற்றாத பேரிக்காய், புளித்த ரொட்டிமா,
கொஞ்சம் ஈரக் கல்.
சர்ரென்று உறிஞ்சினேன், எப்போதும்போல.
நாக்கில் உருட்டினேன்.
கண்ணில் தண்ணீர் வந்தது.
எப்போதும்போல
கானுக்குள் துப்பினேன்.

கடையே அமைதியாகிவிட்டது.
"அடப்பாவி" என்றான் மருதவீரன்,
"அரை மணித்தியாலத்தைத் துப்பிப்புட்டியே!"

பதினாறு வருஷம்.
காலையில் நாற்பது கோப்பை.
புகை அடித்ததா, பச்சை நிற்கிறதா,
மந்தமா, கடுப்பா
நாக்குக்கு எல்லாம் தெரியும்.
தொண்டைக்கு ஒன்றும் தெரியாது.
வீட்டில் நாங்கள் குடிப்பது வெறும் டஸ்ட்.

இன்னொரு கப் ஊற்றினார்கள்.
இம்முறை கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.
ஆறு பேர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்க
மருந்து விழுங்கும் பிள்ளைபோல விழுங்கினேன்.
போகும் வழியெல்லாம் கிள்ளிக்கொண்டு போனது.
ஏப்பம் வந்தது, மூக்கு வழியாக.

"எப்படி?"
"கடுப்பு இருக்கு, உடம்பு இல்ல.
கடைசியில ஒரு சின்னக் கசப்பு.
இந்த விலைக்குக் குத்தம் சொல்ல முடியாது."
சிவலோகன் அதைச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டான்,
யாரிடம் காட்டவோ.

மருதவீரன் தன் பங்கை ஒரே மூச்சில் குடித்தான்.
"சோடா" என்றான்.
வாயைத் துடைத்துக்கொண்டு
கம்பி வலைக்குள் கையை நீட்டினான்,
கால் போத்தலுக்கு.

தக்கை என் சட்டைப்பையில் வந்துவிட்டது.
மறுநாள் காலை, வெள்ளைக் கோப்பைகள், வெள்ளைப் பனி.
ஏழாவதில் துப்ப மறந்துபோனேன்.
டீமேக்கர் ஐயா தலை நிமிர்ந்தார்.
பதினோராம் நம்பர் மலைக் கொழுந்து,
சூடாக, வழி கேட்டு வழி கேட்டு
உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
அந்த ஒரு வாய்க்குள்
எத்தனை பேர் என்று
எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை.